உச்சிக்கு எந்த வழி: முகட்டுப் பாதையா, வளைவுப் பாதையா, ஓடைப் பாதையா?

காடு போர்த்திய மலையொன்றில் காலையில் ஏறி, உச்சியில் நின்று நாலா திசையும் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் வந்து சேர நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். முதலாவது, மலையின் முதுகெலும்பு போல நீளும் முகட்டைப் பிடித்துக்கொண்டு நேராக ஏறும் குறுகிய, செங்குத்தான பாதை. இரண்டாவது, சரிவின் குறுக்கே இங்குமங்கும் திரும்பித் திரும்பி, கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் நீண்ட பாதை. மூன்றாவது, ஓடையை ஒட்டிப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, நெடுந்தூரம் சாவகாசமாகச் சென்று, கடைசியில் மலையின் தலைப்பகுதியில் திடீரென எழும் பாதை. இவற்றில் ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கும் சுற்றையும் சேர்த்துக்கொண்டால் தேர்வுகள் நான்காகும்.

இந்த இடத்தில் நாம் வழக்கமாகக் கேட்டுக்கொள்வது, எதில் ஏறுவது எளிது என்பதுதான். பல பாதைகளில் ஏறி இறங்கிய பிறகு, அது பாதிக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்றம் மூச்சை வாங்கும். ஆனால் ஐந்து நிமிடம் நின்றால் மூச்சு திரும்பிவிடும். இறக்கம் முட்டியைப் பதம் பார்க்கும். முட்டி அன்று முழுவதும் நின்றாலும் திரும்பாது. ஆகவே இறங்கும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற ஏறும் வழியைப் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இந்தக் கட்சிக்கு நான் வந்து சேர்ந்தது ஓர் ஈரமான பிற்பகலில். முகட்டுப் பாதையில் இரண்டே மணி நேரத்தில் உச்சியைத் தொட்டுவிட்ட பெருமையில், அதே வழியில் இறங்கத் தொடங்கினேன். நண்பகலில் ஒரு சிறு தூறல் விழுந்திருந்தது. ஏறும்போது படிக்கட்டுப் போல உதவிய மரவேர்கள், எத்தனையோ பேரின் காலணிகள் தேய்த்து மழமழப்பாக்கிய அதே வேர்கள், இப்போது எண்ணெய் தடவியது போல இருந்தன. சருகுக்கு மேல் கால் வைத்தால் சருகு நகர்ந்தது. சருகுக்குக் கீழே மண்ணும் நகர்ந்தது. ஒரு மரத்தைப் பிடித்து, அடுத்த மரம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சில இடங்களில் வெட்கத்தை விட்டு உட்கார்ந்தே சறுக்கி, ஏறியதைவிட அதிக நேரத்தில் இறங்கினேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீட்டு மாடிப்படியில் ஏறுவது பெரிய சிரமமாக இல்லை. இறங்கத்தான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, உடலின் எடையைத் தாங்கியபடியே நீண்டுகொடுக்க வேண்டியிருக்கிறது. அதாவது, மோட்டாராக இருந்தது பிரேக்காக மாறுகிறது. மூச்சு அவ்வளவாக வாங்காததால் நாம் களைப்பை உணர்வதில்லை. ஆனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இந்த வேலையில்தான் அதிகம். அந்த வலி உடனே தெரியாமல், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டுகிறது. பாதை எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு அழுத்தமாக அந்த பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

காகிதத்தில் ஒரு கணக்கு

மூன்று பாதைகளையும் வெறும் தூரத்தை வைத்து ஒப்பிடுவது பெரிய ஏமாற்றம். நேரத்தை வைத்து ஒப்பிட வேண்டும். அதற்கு நூறாண்டு தாண்டிய ஒரு சூத்திரம் இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன அந்த விதியின் இன்றைய வடிவம் இது: ஒவ்வொரு 5 கிலோமீட்டர் தூரத்துக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். இறக்கத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்ற குறையை எரிக் லாங்மூர் என்பவர் பிற்காலத்தில் சரிசெய்தார். 5 முதல் 12 பாகை வரையான மிதமான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 10 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். 12 பாகையைத் தாண்டிய இறக்கத்தில், கழிப்பதற்கு மாறாக, அதே 10 நிமிடத்தைக் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அடிவாரத்திலிருந்து 800 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். முகட்டுப் பாதையின் நீளம் 3 கிலோமீட்டர், வளைவுப் பாதை 7 கிலோமீட்டர், ஓடைப் பாதை 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு, நெய்ஸ்மித் கணக்குப்படி, முகட்டில் 1 மணி 56 நிமிடம் ஆகும். வளைவுப் பாதையில் 2 மணி 44 நிமிடம். ஓடை வழியில் 2 மணி 20 நிமிடம். இரண்டு மடங்குக்கும் மேல் நீளமான வளைவுப் பாதை, ஏற்றத்தில் 48 நிமிடம்தான் கூடுதலாகக் கேட்கிறது என்பது முதல் வியப்பு. எந்த வழியில் போனாலும் தூக்கிச் செல்ல வேண்டிய 800 மீட்டர் உயரம் ஒன்றே என்பதால், நேரத்தில் பெரிய பங்கை அந்த உயரமே எடுத்துக்கொள்கிறது.

இறக்கத்தில் கணக்கு தலைகீழாகிறது. முகட்டுப் பாதையின் சராசரிச் சரிவு சுமார் 15 பாகை. ஆகவே 36 நிமிடத்தோடு 27 நிமிடத்தைக் கூட்ட வேண்டும், மொத்தம் 63 நிமிடம். வளைவுப் பாதையின் சரிவு சுமார் 6½ பாகைதான். 84 நிமிடத்திலிருந்து 27 நிமிடம் கழிகிறது, மொத்தம் 57 நிமிடம். 7 கிலோமீட்டர் பாதை 3 கிலோமீட்டர் பாதையைவிட முன்னதாகவே அடிவாரத்தில் விட்டுவிடுகிறது. ஓடைப் பாதையைச் சராசரியாகப் பார்த்தால் 9 பாகை என்று சாதுவாகத் தெரியும். ஆனால் பள்ளத்தாக்குகள் அப்படி ஒரே சீராக ஏறுவதில்லை. முதல் 3½ கிலோமீட்டரில் 250 மீட்டரும், கடைசி 1½ கிலோமீட்டரில் 550 மீட்டரும் ஏறுகிறது என்று கொண்டால், மேல்பகுதியின் சரிவு 20 பாகையை எட்டும். 5 பாகைக்கும் குறைவான கீழ்ப்பகுதியில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை; மேல்பகுதிக்கு மட்டும் 18 நிமிடம் கூடுகிறது. ஆகவே இறக்கம் மொத்தம் 78 நிமிடமாகும். மூன்றிலும் மெதுவான இறக்கம் அதுதான்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். முகட்டிலேயே ஏறி இறங்கினால் 2 மணி 59 நிமிடம். வளைவுப் பாதையிலேயே என்றால் 3 மணி 41 நிமிடம். ஓடை வழியிலேயே என்றால் 3 மணி 38 நிமிடம். முகட்டில் ஏறி வளைவுப் பாதையில் இறங்கும் சுற்றுக்கு 2 மணி 53 நிமிடம். 10 கிலோமீட்டர் சுற்று, 6 கிலோமீட்டர் போய்வருவதைவிட 6 நிமிடம் குறைவு. இந்த 6 நிமிடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டிக்குக் கிடைக்கும் நிம்மதிதான் பெரிது.

இவை ஓய்வு இல்லாத, தொடர்ந்து நடக்கும் பழக்கமுள்ள ஒருவரின் நேரங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதன்முறை ஏறுபவர், தண்ணீர் குடிக்கவும் காலணியை அவிழ்த்துக் கட்டவும் படம் எடுக்கவும் நிற்பவர், எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்வது நல்லது. அப்போது சுற்றுப்பாதை 4 மணி 20 நிமிடமும், வளைவுப் பாதை சுமார் 5½ மணி நேரமும் ஆகும். உச்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது தனி. உங்கள் சொந்தப் பெருக்கு எண்ணைக் கண்டுபிடிக்க, முதல் 200 மீட்டர் உயரத்தை எவ்வளவு நேரத்தில் ஏறினீர்கள் என்று கடிகாரத்தில் பார்த்து, சூத்திரம் சொல்லும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். அதுவே அன்றைய நாளின் மீதியைச் சொல்லிவிடும்.

முகட்டுப் பாதை

முகட்டின் முதல் சலுகை, வழி தவறுவது கடினம் என்பது. இருபுறமும் நிலம் தாழ்ந்துகொண்டே போவதால், ஏறிக்கொண்டிருக்கும் வரை உச்சியை நோக்கித்தான் போகிறோம். மண் ஆழமில்லாமலும் காற்று வேகமாகவும் இருப்பதால், முகட்டு மரங்கள் பல இடங்களில் குட்டையாகவும் இடைவெளிவிட்டும் நிற்கும். உச்சிக்கு வெகு முன்னரே காட்சி துண்டு துண்டாகத் திறக்கத் தொடங்கிவிடும். காட்டுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் மூச்சுத் திணறியது போல உணர்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் இதே முகட்டில்தான் பொய் உச்சிகளும் இருக்கின்றன. மரங்களுக்கு மேலே வானம் தெரிகிறது, இதோ வந்துவிட்டோம் என்று கடைசிப் பலத்தையும் செலவழித்து மேலேறினால், அந்த மேட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளம், அதற்கப்பால் இன்னொரு மேடு. வரைபடத்தில் சமவுயரக் கோடுகளை முன்பே எண்ணி வைத்திருப்பவர் இதில் ஏமாற மாட்டார். அந்தச் சிறு பள்ளங்களில் இறங்கி மீண்டும் ஏறும் உயரமும் கணக்கில் சேர வேண்டும். உச்சியின் உயரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அது விடுபட்டுப் போகும்.

தண்ணீர் இராது என்பது இரண்டாவது குறை. தேவையான அனைத்தையும் முதுகில் சுமக்க வேண்டும், ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூன்றாவதும் முக்கியமானதும் இடி மின்னல். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே எண்ணும் ஒவ்வொரு 3 வினாடியும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் இடி கேட்டுவிட்டால் முகட்டில் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மேலேறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்குவதைவிட, ஒரே உயரமுள்ள தாழ்ந்த மரக்கூட்டத்துக்குள் இறங்கி நிற்பது மேல்.

வளைவுப் பாதை

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதுவே இதன் பெருமை. சரிவு மிதமாக இருப்பதால் மூச்சும் காலடியும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடும். பேசிக்கொண்டே ஏறலாம். பேச முடியாத வேகத்தில் போனால் அது தேவைக்கு மிஞ்சிய வேகம். சுமை தூக்கும் மனிதருக்கும் விலங்குக்கும் ஏற்றபடி வெட்டப்பட்ட பாதைகள் பலவும் இந்த வடிவத்தில் இருப்பதற்குக் காரணம் இந்தச் சீரான தன்மைதான்.

சலிப்பு உண்டு. அதே பாறையை ஒருமுறை வலப்பக்கத்திலும், கால் மணி நேரம் கழித்து ஒருமுறை இடப்பக்கத்திலும் பார்ப்பது சிலருக்கு எரிச்சலூட்டும். அந்த எரிச்சலில்தான் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நேராகக் குறுக்கே வெட்டிச் செல்லத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம். ஒருவர் பின் ஒருவராக அப்படி இறங்கிய தடத்தை மழைநீர் கால்வாயாக எடுத்துக்கொள்ளும். மண் கரைந்து வேர் வெளியே வந்து, இரண்டு மழைக்காலத்தில் கீழ்வளைவின் பாதையே சரிந்து போகும். நேர்க்குத்தாக ஏறும் பழைய முகட்டுப் பாதைகள் இன்று வேரும் கல்லுமாகக் கிடப்பதற்கும் இதே நீரரிப்புதான் காரணம்.

இருட்டில் நடக்க நேர்ந்தால் இந்தப் பாதை ஒன்றுதான் நம்பத் தகுந்தது. பாதம் படும் இடம் அகலமாகவும் ஏறத்தாழ மட்டமாகவும் இருப்பதால், நெற்றியில் கட்டிய விளக்கின் சிறு வட்ட வெளிச்சமே போதும். வளைவு வரும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்; திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய், மான் தடத்தில் கால்மணி நேரம் நடந்த அனுபவம் எனக்கு உண்டு.

ஓடைப் பாதை

மூன்றிலும் மனத்துக்கு மிக நெருக்கமானது இது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனாலேயே இதன்மீது அதிகக் கடுமையாக இருக்க வேண்டியிருக்கிறது. பாசி படிந்த கல்லின் விளிம்பில் நீர் கண்ணாடித் தகடு போல வளைந்து விழுவதையும், அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு கை நுழையும் இடைவெளியில் பெரணி இலையொன்று நனையாமல் நடுங்குவதையும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று உச்சிக்குப் போகவில்லை. வருந்தவும் இல்லை. ஆனால் உச்சிக் காட்சிதான் நோக்கம் என்றால், இந்த வழி அந்த நோக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிவிடும் என்பதற்கு அதுவே சாட்சி.

வெயிலே படாத நிழலும் குளிர்ந்த காற்றும் கோடையில் இதைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைக்க வைக்கும். தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதால் சுமையும் குறையும். தெளிந்த நீராகத் தெரிந்தாலும், மேலே விலங்குகள் நடமாடும் என்பதால் கொதிக்கவைத்தோ தகுந்த வடிகட்டியில் வடித்தோதான் குடிக்க வேண்டும். காட்சி என்று பார்த்தால் பள்ளத்தாக்கில் இருபுறச் சுவர்களும் மரங்களும்தான். உச்சி எங்கே இருக்கிறது என்பது கடைசி ஏற்றத்தின் பாதி வரை தெரியாது.

குறைகளில் பெரியது, நீரைக் கடப்பது. காலையில் கல்லுக்குக் கல் தாவி நனையாமல் கடந்த இடம், மேலே பெய்த மழையால் பிற்பகலில் முழங்காலளவு வேகமாக ஓடலாம். வேகமாக ஓடும் நீர் முழங்காலளவே இருந்தாலும் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழைகூட விழுந்திருக்க வேண்டியதில்லை. தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அதுவே எச்சரிக்கை. அதோடு, மேற்கு முகடு சூரியனை மறைத்துவிடுவதால் பள்ளத்தாக்கில் வெகு முன்னதாகவே அந்தியாகிவிடும். ஆழமான பள்ளமும் அடர்ந்த இலைவிதானமும் ஜி.பி.எஸ். சமிக்ஞையைப் பலவீனப்படுத்தும், அலைவரிசையைத் தேடித் தேடிக் கைபேசியின் மின்கலமும் விரைவில் தீரும். ஆகவே ஓடை வழியை ஏறுவதற்கு, அதுவும் மழை வாய்ப்பில்லாத நாளில், வைத்துக்கொள்ளலாம். களைத்த காலோடு, பிற்பகலில், 20 பாகைச் சரிவில், ஈரக் கல்லின் மேல் இறங்குவதற்கு இதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எந்த நேரத்தில் உச்சி

பாதையைப் போலவே நேரமும் ஒரு தேர்வுதான். இரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை. விடியலில் உச்சியில் இருக்க விரும்பினால் இருட்டில் ஏற வேண்டும்; இருட்டில் ஏற வேண்டுமென்றால் வளைவுப் பாதைதான், வேறு பேச்சில்லை. அதற்குக் கிடைக்கும் பலனும் சாதாரணமானதல்ல. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் போய்த் தேங்குவதால், அங்கே படியும் மூடுபனிக்கு மேலே உச்சி தீவு போல நிற்கும். சூரியன் எழும்போது எதிர்ப்பக்கத்தில் விழும் மலையின் நிழல், மலை எந்த வடிவத்தில் இருந்தாலும், தொலைவில் குவிந்து முக்கோணமாகத் தெரியும். தாழ்ந்த ஒளி பக்கவாட்டிலிருந்து விழுவதால் ஒவ்வொரு முகடும் அடுத்த முகட்டிலிருந்து பிரிந்து தெரியும். நண்பகல் ஒளியில் அதே முகடுகள் ஒட்டிப்போய்த் தட்டையாகக் கிடக்கும்.

காலை பத்து மணி வாக்கில் உச்சியில் இருப்பது பெரும்பாலோருக்கு ஏற்ற நடுவழி. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மலையோடு சேர்ந்து மேலெழும். எழும் காற்று குளிர்ந்து மேகமாகும். அந்த மேகத்தின் அடி எங்கே நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. அடிவாரத்து வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வேறுபாட்டில் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 125 மீட்டர் என்று கொள்ள வேண்டும். வெப்பநிலை 26, பனிநிலை 20 என்றால் வேறுபாடு 6. மேகத்தின் அடி 750 மீட்டரில் இருக்கும். நம் 800 மீட்டர் உச்சி அப்போது மேகத்துக்குள் இருக்கும். வேறுபாடு 10 என்றால் 1,250 மீட்டர், உச்சி தப்பித்தது. இந்த இரண்டு எண்களும் பல வானிலை முன்னறிவிப்புகளில் கிடைக்கும். இவற்றைப் பார்க்காமல் பிற்பகலில் உச்சிக்குப் போய், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் ஏராளம்.

மாலைச் சூரியனுக்காக உச்சியில் காத்திருப்பதை, நெற்றி விளக்கும் இறங்கும் பாதையில் முன்னனுபவமும் இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலநடுக்கோட்டை அண்டிய பகுதிகளில் சூரியன் மறைந்தபின் பயன்படும் வெளிச்சம் சுமார் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். துருவங்களை நோக்கிப் போகப் போக அது நீளும். மரங்களுக்கு அடியில் எங்குமே அதைவிட முன்னதாகவே இருட்டிவிடும்.

காட்சி உண்மையில் இருக்கிறதா

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். காட்டு மலைகளின் உச்சிகளில் பலவும் மரங்களால் மூடியவை. மிக உயர்ந்த புள்ளியில் நின்றாலும் அடிமரங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. மரங்கள் வளர முடியாத உயரத்தைத் தாண்டிய மலைகளில் இந்தச் சிக்கல் இல்லை. அந்த உயரத்தை எட்டாத மலைகளில் மொட்டைப் பாறை உச்சிக்குத் தனிக் காரணம் ஏதாவது இருக்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மொனாட்நாக் மலை 965 மீட்டர்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எரிந்த தீயில் உச்சியின் காடு அழிந்து, மண்ணும் அடித்துச் செல்லப்பட்டதால் இன்று அது வெறும் பாறையாக, எல்லாத் திசையிலும் திறந்து நிற்கிறது. வேறு சில உச்சிகளில் காட்டுத்தீயைக் கண்காணிக்கக் கட்டிய கோபுரங்கள்தான் மரங்களுக்கு மேலே கண்ணைத் தூக்கிவிடுகின்றன. உச்சி மூடியிருந்தால், அதற்குக் கொஞ்சம் கீழே முகட்டில் துருத்தி நிற்கும் பாறை ஒன்று சிறந்த காட்சியைத் தரக்கூடும். அப்போது முகட்டுப் பாதையின் மதிப்பு ஒரு படி கூடுகிறது.

எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கும் கணக்குண்டு. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறோமோ, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். 200 மீட்டரில் 50 கிலோமீட்டர். 800 மீட்டரில் 101 கிலோமீட்டர். உயரம் நான்கு மடங்கானால்தான் தூரம் இரண்டு மடங்காகிறது. ஆகவே இன்னும் உயரமான மலையைத் தேடுவதைவிட, மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் காலையைத் தேடுவது காட்சிக்கு அதிகப் பயன் தரும்.

யாருக்கு எது

முதன்முறை ஏறுபவர், சிறுவர்களோடு போகிறவர், முட்டியில் பழைய வலி உள்ளவர் ஆகியோருக்கு வளைவுப் பாதையிலேயே ஏறி அதிலேயே இறங்குவது சரி. ஏறியபோதே இறங்கும் வழியைப் பார்த்துவிட்டதால் புதிதாக எதுவும் எதிர்ப்படாது. பாதியில் திரும்ப நேர்ந்தாலும் அடிவாரத்தில் விட்ட வண்டியிடமே வந்து சேரலாம். ஓரளவு நடந்து பழகியவர்களுக்கு முகட்டில் ஏறி வளைவுப் பாதையில் இறங்கும் சுற்றுதான் என் முதல் தேர்வு: புத்துணர்வோடு இருக்கும் காலையில் கடினமான வேலை முடிந்துவிடுகிறது, இடி வரும் பிற்பகலுக்குள் முகட்டை விட்டு நீங்கிவிடுகிறோம், களைத்த கால்களுக்கு மிதமான சரிவு கிடைக்கிறது. இதைத் திருப்பிச் செய்வதில், அதாவது வளைவில் ஏறி முகட்டில் இறங்குவதில், ஒவ்வொரு லாபமும் நட்டமாகிறது. காட்டுக்காகவே போகிறவர்கள் உலர்ந்த பருவத்தில் ஓடை வழியில் ஏறி வளைவுப் பாதையில் இறங்கலாம். முகட்டிலேயே போய்த் திரும்புவதை, பாறையும் மண்ணும் நன்கு காய்ந்திருக்கும் நாளில், கையில் இரண்டு ஊன்றுகோல்களோடு வருபவர்களுக்கு மட்டும் விட்டுவிடலாம்.

சுற்றுப்பாதைக்கு ஒரு பலவீனம் உண்டு. இறங்கும் வழி நமக்கு அறிமுகமற்றது. உச்சியிலிருந்து மூன்று நான்கு தடங்கள் பிரியும். வெயிலில் எல்லாமே தெளிவாகத் தெரியும், மேகம் மூடினால் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். அதனால் உச்சியை அடைந்ததும் பையைக் கீழே வைப்பதற்கு முன் நான் இரண்டு வேலைகளைச் செய்துவிடுகிறேன். கையை முழுவதும் நீட்டி, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல்கள் கிடையாக அடங்குகின்றன என்று பார்க்கிறேன். நான்கு விரல் என்றால் சூரியன் மறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம், எட்டு விரல் என்றால் இரண்டு. பிறகு வளைவுப் பாதை தொடங்கும் இடத்தைத் தேடிப் போய், அதில் முதல் திருப்பம் வரை இறங்கிப் பார்த்து, அது வரைபடத்தில் உள்ள திசையில்தான் திரும்புகிறதா என்று உறுதி செய்துகொண்டு மேலே வருகிறேன். உச்சி 800 மீட்டரில் அடிவாரத்தைவிட சுமார் 5 பாகை குளிராக இருக்கும். வியர்த்த சட்டையோடு காற்றில் நின்றால் அது இன்னும் குளிராகத் தெரியும். சட்டையை மாற்றிக்கொண்டு, பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, காட்சியைப் பார்க்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.